பேர் தெரியாத பழைய பின்பால் மெஷின்: வாங்கலாமா, விடலாமா?

சிகாகோ புறநகரில் வசிக்கும் 38 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம்:

"பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமான பிறகு அவருடைய மகன் கராஜைக் காலி செய்துகொண்டிருக்கிறார். அங்கே 1980-இல் ஸ்டெர்ன் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த ‘ஃபிளைட் 2000’ என்ற பின்பால் மெஷின் (சாய்ந்த பலகையில் ஓடும் இரும்புப் பந்தைத் தட்டித் தட்டி ஸ்கோர் சேர்க்கும் ஆட்டம்) இருக்கிறது. விலை 1,900 டாலர். ‘அபூர்வமான மாடல், விலை ஏறிக்கொண்டே போகும். ஐந்து வருடம் முன்புவரை ஓடியது, இப்போது ஒரு ஃபியூஸ்தான் போயிருக்கிறது’ என்கிறார். சுவிட்ச் போட்டால் விளக்குகள் எரிகின்றன, ஆனால் ஆட்டம் தொடங்குவதில்லை. ஸ்கோர் காட்டும் கண்ணாடிகளில் ஒன்று இருட்டாக இருக்கிறது. முன்னால் நிற்கும் படக் கண்ணாடியின் ஓரத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது. நான் கோவையில் ஈ.சி.இ. படித்தவன், சால்டரிங் கை வரும். ‘யாருக்கும் தெரியாத மெஷின் எதற்கு, தொண்ணூறுகளில் வந்த பிரபலமான ஒன்றை வாங்கு’ என்கிறார்கள் நண்பர்கள். மனைவிக்குச் செலவும் சத்தமும் கவலை. ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். மூன்று நான்கு வருடத்தில் ஊர் திரும்பும் எண்ணமும் உண்டு. என்ன செய்யட்டும்?"

அன்புள்ள நண்பருக்கு,

வாங்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் 1,900 டாலருக்கு வேண்டாம், கீழே சொல்லும் சோதனைகளைச் செய்யாமலும் வேண்டாம். பிரபலமில்லாத மெஷினை எடைபோட ஒரே ஒரு அளவுகோல் போதும்: அதற்குள் இருப்பவற்றில் எவையெல்லாம் பல மெஷின்களுக்குப் பொதுவானவை, எவையெல்லாம் அந்த மாடலுக்கு மட்டுமே உரியவை? பொதுவான பாகம் கெட்டிருந்தால் அது வெறும் செலவுக் கணக்கு. அந்த மாடலுக்கே உரிய பாகம் கெட்டிருந்தால் காசு கையில் இருந்தும் வருடக்கணக்கில் தேட வேண்டிவரும். உங்கள் கடிதத்தை இந்தக் கண்ணோடுதான் படித்தேன்.

அபூர்வம் என்ற பேச்சு

விற்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கவில்லை, அப்பா சொன்னதை அவர் திருப்பிச் சொல்லியிருக்கலாம். ஆனால் ‘ஃபிளைட் 2000’ ஆறாயிரத்துக்கும் மேல் தயாரானது. ஸ்டெர்ன் அதே ஆண்டில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்ற அளவில் செய்த மாடல்களும் உண்டு. அவற்றோடு ஒப்பிட்டால் இது அபூர்வமே இல்லை. இதைக் கேட்டு ஏமாற்றமடைய வேண்டாம், உங்களுக்கு இது நல்ல சேதி. ஆறாயிரம் மெஷின்கள் வந்திருந்தால் உடைத்துப் பாகம் விற்பவர்களும் உண்டு, இதைப் பழுது பார்த்துக் குறிப்பெழுதியவர்களும் உண்டு. முந்நூறு மட்டுமே செய்த மெஷினில் ஒரு பிளாஸ்டிக் துண்டு உடைந்தால் அதன் அச்சு அசலைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம்.

வடிவமைத்தவர் ஹாரி வில்லியம்ஸ். மெஷினைத் தூக்கி ஆட்டினால் ஆட்டத்தை நிறுத்திவிடும் ‘டில்ட்’ அமைப்பை 1930-களில் கொண்டுவந்தவர், பிறகு வில்லியம்ஸ் என்ற பின்பால் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. முதுமையில் ஸ்டெர்னுக்காக வரைந்தவற்றில் இது ஒன்று. ஸ்டெர்ன் வெளியிட்ட முதல் பேசும் மெஷினும் இதுதான். மூன்று பந்துகளைச் சேர்த்துவைத்து ஒன்றாக விடும் ஆட்டமும் உண்டு. ஆட்டம் என்ற அளவில் இதைக் குறைத்து மதிப்பிட இடமில்லை.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே சரிசெய்துவிடுகிறேன். இன்று சிகாகோ புறநகரில் இயங்கும் ஸ்டெர்ன் பின்பால் வேறு நிறுவனம், 1999-இல் உருவானது. இதைச் செய்த ஸ்டெர்ன் எலக்ட்ரானிக்ஸ் எண்பதுகளிலேயே மூடப்பட்டது. குடும்பப் பெயர் ஒன்றுதான், ஆனால் 1980 மெஷினுக்கு அங்கிருந்து உதிரிப்பாகம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வரவேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் காலத்து ஸ்டெர்னின் மின்பலகைகள் பாலி (Bally) என்ற இன்னொரு பின்பால் நிறுவனத்தின் பலகைகளை ஏறக்குறைய அப்படியே ஒத்தவை. காயில்களை, அதாவது பந்தைத் தட்டும் மின்காந்தச் சுருள்களை, இயக்கும் பலகையும் விளக்குகளை இயக்கும் பலகையும் பாலி பலகைக்குப் பதிலாகவே பொருந்தும். பாலி அந்த வருடங்களில் பெருமளவில் உற்பத்தி செய்ததால், அவற்றுக்கான மாற்றுப் பலகைகள் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. பேர் தெரியாத உங்கள் மெஷினுக்குள் இருப்பது நாடறிந்த சர்க்யூட்.

ஃபியூஸ்தானா? ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்

விளக்குகள் எரிவதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பொது வெளிச்சத்துக்கான பல்புகள் டிரான்ஸ்பார்மரிலிருந்து நேராக 6.3 வோல்ட் ஏ.சி.யில் எரிபவை. கம்ப்யூட்டர் பலகை முற்றிலும் செத்திருந்தாலும் அவை எரியும். ஆகவே அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பார்க்க வேண்டியது வேறொன்று. படக் கண்ணாடியைப் பூட்டுத் திறந்து மெதுவாக எடுத்து ஓரமாக வையுங்கள். அதன் பின்னாலுள்ள பல்பு பலகை கதவுபோலத் திறக்கும். உள்ளே எம்.பி.யூ. என்ற கம்ப்யூட்டர் பலகையில் சின்னதாக ஒரு சிவப்பு எல்.இ.டி. இருக்கும். சுவிட்ச் போட்டதும் அது ஒரு கணம் மினுக்கும், பிறகு ஏழு முறை அணைந்து எரிய வேண்டும். எண்ணுங்கள். முதல் சிமிட்டு ரோம் (நிரல் பதிந்த சிப்கள்) சரி, அடுத்த இரண்டும் ராம் (தற்காலிக நினைவக) சிப்கள் சரி, நான்கும் ஐந்தும் வெளியுலகத்தோடு பேசும் இரு பி.ஐ.ஏ. சிப்கள் சரி, ஆறாவது டிஸ்ப்ளே துடிப்பு சரி என்று அர்த்தம். ஏழாவது, காயில்களுக்கான 43 வோல்ட் வந்துசேர்ந்தால்தான் வரும்.

ஆறோடு நின்றால் விற்பவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காயில் மின்சாரத்தின் ஃபியூஸோ, ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையரோ, கனெக்டரோ போயிருக்கலாம். எல்.இ.டி. சிமிட்டாமல் ஒரேயடியாக எரிந்துகொண்டே இருந்தால் சிக்கல் பலகையில்தான்: 5 வோல்ட் சரியில்லை, ரீசெட் பகுதி கெட்டிருக்கிறது, அல்லது பேட்டரி கசிந்திருக்கிறது. ஏழும் வந்துவிட்டதா? அப்படியானால் மூளை விழித்துவிட்டது, ஆட்டம் தொடங்காததற்குக் காரணம் மிகச் சாதாரணமாகவே இருக்கலாம். காசு போட்ட கணக்கு பூஜ்யமாக இருக்கலாம், நாணயக் கதவைத் திறந்து காசு சுவிட்சை விரலால் தட்டிப் பாருங்கள். பந்து அதன் குழியில் இருப்பதைச் சொல்லும் சுவிட்ச் ஒட்டாமல் இருக்கலாம். கராஜில் கிடந்த மெஷினிலிருந்து யாராவது ஒரு பந்தையே எடுத்திருக்கவும் கூடும். மூன்று இருக்கின்றனவா என்று எண்ணிவிடுங்கள்.

ஏழு சிமிட்டும் வந்தால் நாணயக் கதவுக்கு உள்ளே இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். முதலில் விளக்குகள், பிறகு ஸ்கோர் எண்கள், பிறகு காயில்கள் ஒவ்வொன்றாக என்று மெஷின் தன்னையே சோதித்துக் காட்டும். அழுத்த அழுத்த அடுத்த சோதனைக்குப் போகும், கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சுவிட்சின் எண்ணையும் சொல்லும். எந்தக் காயில் தட்டவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம் பேட்டரியைப் பாருங்கள். எம்.பி.யூ. பலகையிலேயே சால்டர் செய்த 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி. இந்தத் தலைமுறை மெஷின்களின் முதல் எதிரி இதுதான். கசிந்த காரம் செம்புத் தடங்களை அரித்து, சிப் சாக்கெட்டுகளுக்குள் ஏறி, கனெக்டர் முனைகள் வழியாக ஒயருக்குள்ளும் போய்விடும். பேட்டரியைச் சுற்றி மட்டும் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் காப்பாற்றலாம்: பேட்டரியை வெட்டி எடுத்து, நீர் கலந்த வினிகரால் தேய்த்து, தண்ணீரில் அலசி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். சாக்கெட்டுகளுக்கு அடியில் பரவியிருந்தால் அந்தப் பலகையோடு மல்லுக்கட்ட வேண்டாம். பாலிக்கும் ஸ்டெர்னுக்கும் பொதுவான புதுப் பலகை ஏறத்தாழ 200 முதல் 300 டாலருக்குக் கிடைக்கும், பேட்டரியே தேவைப்படாத வகையில். ஒரு எச்சரிக்கை: காரம் ஊறிய கனெக்டரைப் புதுப் பலகையில் மாட்டினால் அரிப்பு புதிதிலும் தொற்றும். அந்த முனைகளையும் மாற்றியே ஆக வேண்டும்.

இருட்டாக இருக்கும் டிஸ்ப்ளேயைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. மெஷினின் பிளக்கை உருவி, சில நிமிடம் காத்திருந்து, அந்த டிஸ்ப்ளேயை இன்னொரு ஆட்டக்காரருடையதோடு இடம் மாற்றுங்கள். இருட்டும் கூடவே போனால் டிஸ்ப்ளேதான் கெட்டது. இருட்டு பழைய இடத்திலேயே நின்றால் ஒயரிங்கிலோ பலகையிலோ கோளாறு. காத்திருக்கச் சொல்வது சம்பிரதாயத்துக்கு அல்ல. அந்தக் கண்ணாடிகள் 170 முதல் 190 வோல்ட்டில் வேலை செய்பவை, மின்சாரம் நின்ற பிறகும் கெப்பாசிட்டரில் மிச்சம் இருக்கும். நீங்கள் படித்த பாடம்தான், ஆனாலும் வேலையின் ஆர்வத்தில் மறக்கக்கூடியது. இன்னொன்று: சுவிட்சை அணைத்தாலும் பிளக் செருகியிருக்கும்வரை உள்ளே சில இடங்களில் 120 வோல்ட் இருக்கும். எர்த் முனை ஒடிந்த பிளக்காக இருந்தால் சோதனைக்கு முன்பே அதை மாற்றுங்கள்.

காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காதவை

இங்கேதான் நிதானம் வேண்டும். சர்க்யூட் கோளாறைக் கண்டு பயப்படும் பலர், படம் தேய்ந்த மரப்பலகையைக் கவனிக்காமல் வாங்கிவிடுகிறார்கள்.

முதலில் பந்து ஓடும் பலகை. மேல் கண்ணாடியை இழுத்துவிட்டு, டார்ச்சைப் பலகையை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் எதுவும் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் மேடு பள்ளம் தெரியும். ஃபிளிப்பர்களுக்கு (பந்தைத் தட்டும் துடுப்புகளுக்கு) மேலே, பந்து அடிக்கடி வந்து விழும் இடங்களில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிறதா? விளக்குக்கு மேல் பதித்த வட்டப் பிளாஸ்டிக்குகளின் விளிம்பில் நகத்தால் வருடுங்கள். நகம் சிக்கினால் அது பலகையிலிருந்து இறங்கியோ குழிந்தோ இருக்கிறது, பந்து அங்கே திசை மாறும். இறங்கியதை அழுத்தி ஒட்டலாம், தேய்ந்த ஓவியத்தை முழுமையாக மீட்பது பெரிய வேலை. உள்ளங்கை அளவுக்கு மேல் மரம் தெரிந்தால், வேறு எல்லாம் நன்றாக இருந்தாலும் நான் விலையைப் பாதியாகத்தான் மதிப்பேன்.

அடுத்தது நீங்கள் குறிப்பிட்ட படக் கண்ணாடி. ஓவியம் கண்ணாடியின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டது. வெயிலும் குளிரும் மாறிமாறிப் படும் கராஜில் பெயின்டும் கண்ணாடியும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்க, பிடிப்பு விட்டு உரிகிறது. ஓரத்தில் மட்டும் என்றால் பொறுக்கலாம். முகங்களும் எழுத்துகளும் உள்ள நடுப்பகுதியில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பின்னாலிருந்து வெளிச்சம் காட்டிப் பாருங்கள். தயவுசெய்து பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். இரண்டுமே நல்லதாய் இருக்கும் பெயின்டையும் கையோடு கொண்டுவந்துவிடும். பின்பக்கம் தெளிவான பூச்சு அடித்து உரிதலை நிறுத்தும் வழி உண்டு. உரிந்து போனதை அது திருப்பித் தராது.

மூன்றாவது, பேச்சுப் பலகை. அதன் சிப் நெடுங்காலமாகத் தயாரிப்பில் இல்லாத வகை. மெஷின் ஓடும் நிலைக்கு வந்தால் குரல் வருகிறதா என்று கேளுங்கள். கரகரப்பாக வந்தாலும் பரவாயில்லை, அது கெப்பாசிட்டர் வேலை. குரலே இல்லாவிட்டால் அதற்கென்று விலையில் கழியுங்கள். பலகையே கழற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள், விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

நான்காவது, மூன்று பந்துகளை ஒவ்வொரு படியாக நகர்த்திச் சேர்த்துவைக்கும் பொறி. இந்த மாடலின் உயிரே அதுதான். உடைந்த உலோகத்துண்டு, காணாமல் போன ஸ்பிரிங், யாரோ கம்பியால் கட்டி ஒப்பேற்றிய இடம் என்று ஏதாவது இருக்கிறதா? பலகையைத் தூக்கி அடியில் இருந்தும் பாருங்கள். ஆனால் முதலில் பந்துகளை எடுத்துவிட்டுத் தூக்குங்கள்.

இவை நான்கும் நன்றாக இருந்தால், மற்ற கோளாறுகள் உங்கள் கைக்கு அடங்கியவை. ஃபிளிப்பர் சோர்ந்து அடித்தால் காயிலை மாற்ற ஓடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே தேய்ந்த நைலான் குழாய், நுனி பிதுங்கிய பிளஞ்சர் (காயிலுக்குள் ஓடும் இரும்புத் தண்டு), அல்லது வீச்சின் முடிவில் திறக்கும் சுவிட்ச் சரியாக ஒட்டாததுதான் காரணம். அந்தச் சுவிட்சின் முனை டங்ஸ்டன், அதைச் சிறு அரத்தால் தேய்க்கலாம். மற்ற சுவிட்சுகளின் முனை தங்கப் பூச்சு, அவற்றில் அரம் பட்டால் அத்தோடு போயிற்று. வெள்ளை அட்டைத்துண்டை இடையில் வைத்து இழுத்தாலே போதும். ரெக்டிஃபையர் பலகையில் கருகிய கனெக்டர்களைக் கண்டிப்பாகப் பார்ப்பீர்கள். பல்பு மின்சாரம் முழுதும் அதன் வழியே போவதால் சூடேறிக் கருகுகிறது. ஒயரை நேராகப் பலகையில் சால்டர் செய்துவிடும் குறுக்குவழி வேண்டாம், புது முனைகளை ஒயரில் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது இடுக்கியால் அழுத்திப் பொருத்துங்கள். காயில் பலகையிலுள்ள சி23 என்ற பெரிய வடிகட்டிக் கெப்பாசிட்டர், ஏறத்தாழ 12,000 மைக்ரோஃபாரட், நாற்பது வருடம் தாண்டியது. அளந்து பார்க்காமலே மாற்றிவிடலாம்.

விலை பேசும்போது

எம்.பி.யூ. பலகை, ஒரு டிஸ்ப்ளே, கனெக்டர்கள், கெப்பாசிட்டர், ஃபிளிப்பர் பாகங்கள், ரப்பர் வளையங்கள், புதுப் பந்துகள் எல்லாம் சேர்த்தால் 500 முதல் 700 டாலர் போகும். உங்கள் உழைப்புக்குக் கூலி போடாமல் இது. ஆகவே மேலே சொன்ன நான்கும் நன்றாக இருந்தால் 1,100, 1,200 என்று தொடங்குங்கள். எல்.இ.டி. எண்ணிக்கையை அவர் முன்னாலேயே காட்டிப் பேசுங்கள், அது யாரையும் குறை சொல்லாத சாட்சி. நான்கில் இரண்டு மோசம் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தனியாரிடம் இருக்கும் நிலையில் வாங்குவதால் பிறகு போய்க் கேட்க வழியில்லை. சீரியல் எண்ணும் தேதியும் தொகையும் எழுதிய ரசீதில் இருவரும் கையெழுத்திடுங்கள். அப்பாவின் சொத்தை விற்க இவருக்கு மட்டும்தான் உரிமையா, கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலீடாக நினைத்து வாங்காதீர்கள். விலை ஏறும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, நீங்கள் மாற்றும் பாகங்களின் செலவும் விற்கும்போது முழுதாகத் திரும்பாது. நண்பர்கள் சொல்லும் தொண்ணூறுகளின் பிரபல மெஷின்கள் இதைவிடப் பல மடங்கு விலை, உள்ளே ஒயரும் பொறியும் பல மடங்கு அதிகம். பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு இந்த 1980 மெஷினின் எளிய சர்க்யூட்தான் ஏற்றது.

வீடும் ஊரும்

உங்கள் மனைவியின் கவலைகள் நியாயமானவை. மெஷின் சுமார் 110 கிலோ இருக்கும். உடல் பகுதி சுமார் 22 அங்குல அகலம், 52 அங்குல நீளம், ஆடுபவர் நிற்க முன்னால் இன்னும் மூன்றடி வேண்டும். பேஸ்மென்ட் படிக்கட்டின் திருப்பத்தை அளந்த பிறகே பணம் கொடுங்கள். பேச்சின் ஒலியைக் குறைக்கலாம், காயில் தட்டும் சத்தத்தைக் குறைக்க முடியாது. காலடியில் தடித்த ரப்பர் வைத்தால் மேல்தளத்துக்குப் போகும் அதிர்வு குறையும். ஆறு வயதுப் பிள்ளைக்கு உறுதியான மனையோ ஸ்டூலோ வேண்டும். பலகையைத் தூக்கி வைத்திருக்கும்போது மட்டும் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கோவைக்குக் கொண்டுபோவதை நான் ஆதரிக்கவில்லை. 230 வோல்ட்டுக்கு 500 வாட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் ஓடும். ஆனால் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும், ஒட்டுப்பலகைப் பெட்டிக்குக் கரையானும் மழைக்கால ஈரமும் பகை. பழைய பொருள்களின் இறக்குமதிக்கு இந்தியாவில் கட்டுப்பாடும் உண்டு, வீட்டுச் சாமானோடு இது சேருமா என்பதைச் சுங்க முகவரிடம் எழுத்தில் கேட்காமல் கன்டெய்னரில் ஏற்றாதீர்கள். மூன்று வருடம் ஆடிவிட்டு, நன்றாக ஓடும் நிலையில் சிகாகோவிலேயே விற்பது நல்லது. இந்தப் பகுதியில் இதை மதித்து வாங்க ஆள் இருப்பார்கள்.

எடுத்துவரும் நாளில் பந்துகளைக் கழற்றிப் பையில் போடுங்கள். தலைப்பகுதியின் கனெக்டர்களுக்கு ஒவ்வொன்றாகச் சீட்டு ஒட்டிப் போட்டோ எடுத்த பிறகே கழற்றுங்கள். படக் கண்ணாடியைப் போர்வையில் சுற்றி, படுக்க வைக்காமல் நிறுத்தி, உங்கள் காரிலேயே கொண்டுவாருங்கள். வீட்டில் முதல்முறை சுவிட்ச் போடுவதற்கு முன் எல்லா ஃபியூஸையும் எடுத்து, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் ஆம்பியரோடு ஒப்பிடுங்கள். அளவு தப்பிய ஃபியூஸ் ஒன்று காயிலையும் ஒயரையும் சேர்த்தே எரித்துவிடும். நாணயப் பெட்டிக்கு அடியிலும் பாருங்கள். கையேடும் சர்க்யூட் படமும் பழைய சாவிகளும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும், விற்பவருக்கே அது நினைவில் இருக்காது.